ஆல்கஹால் ஆக்சிஜனேற்ற வேகத்தை அளக்கப் போகும் மாணவருக்கு: தாள் வேலை முதல் கழிவு நீக்கம் வரை

முதுகலை வேதியியலின் நான்காம் பருவத்தில், ஆல்கஹாலை ஓர் ஆக்சிஜனேற்றியுடன் வினைப்படுத்தி அதன் வேகத்தை அளப்பதைத் திட்டப்பணியாக எடுத்துக்கொள்ளும் மாணவர்கள் ஆண்டுதோறும் இருக்கிறார்கள். நானும் அப்படி எடுத்தவன். கருவி எளியது, வேதிப்பொருள் மலிவானது, ஆரஞ்சு நிறம் பச்சையாவதைக் கண்ணாலேயே பார்த்துவிடலாம் என்று நம்பி இறங்கினேன். முதல் ஆறு வாரங்களில் எடுத்த அளவீடுகளில் ஒன்றுகூட ஆய்வறிக்கையில் இடம்பெறவில்லை. எல்லாவற்றையும் திரும்ப எடுக்க வேண்டியதாயிற்று. பின்னர் நிதானமாகக் குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்தபோது, பிழைகளில் பெரும்பாலானவை கரைசல்களைக் கலப்பதற்கு முன்பே நடந்து முடிந்தவை என்பது தெரிந்தது. அந்த ஆறு வாரம் உங்களுக்கு வீணாகக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

1. எந்த ஆல்கஹால், எந்த ஆக்சிஜனேற்றி என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

ஓரிணைய ஆல்கஹால் முதலில் ஆல்டிஹைடாகவும், அதன்பின் கார்பாக்சிலிக் அமிலமாகவும் மாறும். ஈரிணைய ஆல்கஹால் கீட்டோனாக மாறி அத்துடன் நின்றுவிடும். மூவிணைய ஆல்கஹாலில் ஹைட்ராக்சில் தொகுதியைத் தாங்கும் கார்பனில் ஹைட்ரஜன் இல்லாததால், சாதாரண நிலைகளில் அது வினைப்படாது. இது பள்ளிப் பாடம்தான்; ஆனால் வேகத்தை அளக்கும்போது இதன் பொருள் வேறு. எத்தனாலை எடுத்தால், உருவாகும் அசிட்டால்டிஹைடும் அதே ஆக்சிஜனேற்றியைத் தின்னத் தொடங்கும். நீங்கள் அளக்கும் நிற இழப்பில் எவ்வளவு முதல் படியைச் சேர்ந்தது, எவ்வளவு இரண்டாம் படியைச் சேர்ந்தது என்று பிரித்துச் சொல்வது புதியவருக்குக் கடினம். ஆகவே ஈரிணைய ஆல்கஹாலான ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் தொடங்குங்கள். அசிட்டோன் ஒன்றே விளைபொருள். கணக்கு நேராக வரும்.

ஆக்சிஜனேற்றிக்கு, கந்தக அமிலத்தில் கரைத்த பொட்டாசியம் டைகுரோமேட்டைப் பரிந்துரைக்கிறேன். பொட்டாசியம் பெர்மாங்கனேட்டின் ஊதா நிறம் கவர்ச்சியானது. ஆனால் அதன் வேக வரைபடம் ஏன் புதியவரைக் குழப்பும் என்பதை ஒன்பதாம் பகுதியில் சொல்கிறேன். பிரிடினியம் குளோரோகுரோமேட் போன்றவை ஓரிணைய ஆல்கஹாலை ஆல்டிஹைடோடு நிறுத்தும் தயாரிப்பு வேலைக்கு நல்லவை. முதல் வேக அளவீட்டுக்கு அவற்றைத் தேட வேண்டிய தேவையில்லை.

ஏன் இந்த வினை அளக்கத்தக்க வேகத்தில் நடக்கிறது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால், பின்னால் வரும் முடிவுகளை நீங்களே சரிபார்க்க முடியும். ஆல்கஹாலும் குரோமிக் அமிலமும் முதலில் விரைவாகச் சேர்ந்து குரோமேட் எஸ்டராகின்றன. அதன்பின் கார்பன்–ஹைட்ரஜன் பிணைப்பு முறிவதுதான் மெதுவான படி. அந்த ஹைட்ரஜனுக்குப் பதில் டியூட்டீரியத்தை வைத்த ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் ஏறத்தாழ 6 முதல் 7 மடங்கு மெதுவாக வினைப்படுவது இதற்கு வலுவான சான்று.

2. தாள் வேலையைப் பருவம் தொடங்கும் முன்பே முடியுங்கள்

ஆய்வகத்தில் கால் வைப்பதற்கு முன் கையில் இருக்க வேண்டியவை: வழிகாட்டிப் பேராசிரியர் கையொப்பமிட்ட ஒரு பக்கத் திட்டச் சுருக்கம், துறைத்தலைவரின் ஒப்புதலுடன் கூடிய வேதிப்பொருள் கோரிக்கைப் படிவம், கல்லூரி நிதியில் வாங்குவதானால் விலைப்புள்ளிகள், பயன்படுத்தவிருக்கும் ஒவ்வொரு பொருளுக்கும் பாதுகாப்புத் தரவுத் தாள். இந்தக் கடைசித் தாளை அச்செடுத்துக் கோப்பில் போட்டுவிட்டுப் படிக்காமல் விட்டுவிடாதீர்கள். +6 நிலைக் குரோமியம் மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்குவது என உறுதிசெய்யப்பட்ட பொருள். டைகுரோமேட்டை எடை போடும்போது எழும் தூள் மூக்கிற்குள் போகக் கூடாது.

தமிழ்நாட்டில் எத்தனாலும் மெத்தனாலும் மதுவிலக்குச் சட்டத்தின் கீழ் அமைந்த விதிகளுக்கு உட்பட்டவை. மாணவர் தம் பெயரில் கடையில் போய் வாங்கிவிட முடியாது. கல்லூரியின் பெயரில் அனுமதி இருக்க வேண்டும், எடுத்த ஒவ்வொரு மில்லிலிட்டரும் இருப்புப் பதிவேட்டில் ஏற வேண்டும். உங்கள் துறையில் அனுமதி நடப்பில் இருக்கிறதா என்பதை ஆய்வக உதவியாளரிடம் முதல் நாளே கேளுங்கள். காலாவதியாகியிருந்தால் புதுப்பிக்க எத்தனை நாளாகும் என்பது உங்கள் கையில் இல்லை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயத்தால் 60-க்கும் மேற்பட்டோர் இறந்த பிறகு, மெத்தனால் பாட்டில் எதற்கு, எவ்வளவு என்ற கேள்வி எந்தக் கல்லூரியிலும் எழும், எழத்தான் வேண்டும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை முதலில் எடுங்கள் என்று நான் சொல்வதற்கு இது இரண்டாவது காரணம். அனுமதிக்குக் காத்திருக்கும் வாரங்களில் அதை வைத்தே பாதி வேலையை முடித்துவிடலாம்.

கரைசல் எவ்வளவு ஒளியை விழுங்குகிறது என்று அளக்கும் நிறமாலைமானி வேறு கல்லூரியில்தான் இருக்கிறது என்றால், மாணவர் என்பதற்கான சான்றிதழும், எத்தனை மணி நேரம் தேவை என்று துல்லியமாக எழுதிய துறைத்தலைவரின் கடிதமும் வேண்டும். "இரண்டு வாரங்கள்" என்று பொதுவாக எழுதிய என் முதல் கடிதம் திரும்பி வந்தது. நாள்வாரியாக நேரம் குறித்து எழுதிய இரண்டாவது கடிதம் மறுநாளே ஏற்கப்பட்டது.

3. பணம் எங்கே செலவாகும்

வேதிப்பொருளுக்கு ஆகும் செலவு அஞ்ச வேண்டிய அளவில் இல்லை. கீழே தரும் அளவுப்படி 40 அளவீடுகளுக்குத் தேவைப்படும் டைகுரோமேட் மொத்தமே 0.147 கிராம். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் ஏறத்தாழ 15 மில்லிலிட்டர், அடர் கந்தக அமிலம் ஏறத்தாழ 110 மில்லிலிட்டர். கிடைக்கும் மிகச் சிறிய பொதியை வாங்கினாலே இரண்டு மூன்று மாணவர்களுக்குப் போதும். பெரிய பாட்டில் வாங்கிச் சேர்த்தால், பருவ முடிவில் எஞ்சும் குரோமியத்தை எங்கே வைப்பது என்ற கவலைதான் மிஞ்சும்.

எனக்குக் கைக்காசு போனது, கரைசலை ஊற்றி நிறமாலைமானிக்குள் வைக்கும் சிறு குப்பியான குவெட்டிலும், கருவிக் கட்டணத்திலும், அச்சு வேலையிலும்தான். ஒன்றைச் சொல்லி உங்கள் பணத்தைக் காப்பாற்ற விரும்புகிறேன்: இந்த வேலைக்குக் குவார்ட்ஸ் குவெட் தேவையில்லை. நாம் அளப்பது 350 நானோமீட்டர் அலைநீள ஒளியில். அங்கே நல்ல கண்ணாடிக் குவெட்டே ஒளியை விடும். குவார்ட்ஸ் ஜோடிக்குச் சில ஆயிரம் ரூபாய் கொடுத்துவிட்டுத்தான் எனக்கு இது தெரியவந்தது.

ஆல்கஹாலின் தரத்தில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். மருந்துக் கடையில் கிடைக்கும் 70 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும், கை கழுவும் சானிட்டைசரும் இந்த வேலைக்கு ஆகா. பகுப்பாய்வுத் தரமுள்ள, புதிதாகத் திறந்த பாட்டில் வேண்டும். ஆண்டுக்கணக்கில் அலமாரியில் திறந்து மூடப்பட்ட ஈரிணைய ஆல்கஹாலில் காற்றுப்பட்டுப் பெராக்சைடு உருவாகியிருக்கக்கூடும். அது குரோமியத்தைத் தானே ஒடுக்கி, உங்கள் தொடக்க அளவீட்டைக் கெடுக்கும்.

4. கரைசல்கள்

100 மில்லிலிட்டர் அளவுக் குடுவைகளில் இரண்டு மூலக் கரைசல்கள் செய்துகொள்ளுங்கள். முதலாவது, 0.147 கிராம் பொட்டாசியம் டைகுரோமேட். இதில் டைகுரோமேட்டின் செறிவு 0.005 மோலார், ஒரு டைகுரோமேட்டில் இரண்டு குரோமியம் அணுக்கள் உள்ளதால், குரோமியத்தின் செறிவு 0.01 மோலார். இந்த இரட்டிப்பைக் குறிப்பேட்டின் முதல் பக்கத்திலேயே எழுதி வையுங்கள்; கணக்கில் பாதி மாணவர்கள் சறுக்கும் இடம் இதுதான். இரண்டாவது, 6.01 கிராம் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால். அடர்த்தி 0.785 என்பதால் ஏறத்தாழ 7.65 மில்லிலிட்டர் வரும். இருந்தாலும் மூடியுள்ள எடைக் குப்பியில் எடை போடுவதே நல்லது. இது 1 மோலார்.

கந்தக அமிலம் 2 மோலாராக ஒரு லிட்டர் தேவை. 111 மில்லிலிட்டர் அடர் அமிலத்தை, 700 மில்லிலிட்டர் வாலை வடிநீர் உள்ள பீக்கரில், பனிக்கட்டித் தொட்டியில் வைத்துக் கலக்கியபடி, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். நீரில் அமிலம் போக வேண்டும். அமிலத்தில் நீர் போகக் கூடாது. இரவு முழுவதும் ஆறவிட்டு, மறுநாள் லிட்டர் குறி வரை நிரப்புங்கள். சூடு தணியாமல் குறி வரை நிரப்பினால் செறிவு தவறும்.

இங்கே மூன்று பொறிகள் உண்டு. முதலாவது: கண்ணாடிப் பாத்திரங்களைக் குரோமிக் அமிலக் கலவையால் கழுவும் வழக்கம் சில ஆய்வகங்களில் இன்னும் இருக்கிறது. அந்தக் குரோமியம் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு எளிதில் போகாது. சோப்புக் கரைசலும் வாலை வடிநீரும் போதும். இரண்டாவது: சீக்கிரம் உலரட்டும் என்று குடுவையை ஆல்கஹாலால் அலசி வைப்பது. எஞ்சிய ஒரு துளிகூட வினைபொருள்தான் என்பதை மறந்துவிடாதீர்கள். மூன்றாவது: 1 மோலார் கந்தக அமிலத்தில் ஹைட்ரஜன் அயனி 2 மோலார் என்று எழுதிவிடுவது. இரண்டாவது புரோட்டான் அந்தச் செறிவில் மிகச் சிறிதே பிரியும். ஹைட்ரஜன் அயனியின் செறிவு 1 மோலாரை ஒட்டியே இருக்கும். நேர்முகத் தேர்வில் இதைக் கேட்டே தீருவார்கள்.

5. வெப்பநிலை: என் ஆறு வாரம் போன இடம்

வெளியான கட்டுரைகளில் பெரும்பாலானவை 298 கெல்வினில், அதாவது 25 டிகிரி செல்சியஸில் அளந்தவை. நானும் அதைப் பார்த்து ஏறக்குறைய அதே அளவில், 30 டிகிரியில் நீர்த்தொட்டியை வைத்தேன். தொட்டியில் சூடேற்றி மட்டுமே இருந்தது. குளிர்விக்கும் அமைப்பு இல்லை. மார்ச் மாதப் பிற்பகலில் அறையின் வெப்பம் 34 டிகிரியைத் தொட்டபோது, தொட்டி நீரும் மெல்ல 34-க்கு ஏறியது. சூடேற்றியின் சிவப்பு விளக்கு அணைந்திருந்ததைக் கண்டு, வெப்பநிலை நிலைப்பட்டுவிட்டது என்று நான் எடுத்துக்கொண்டேன். காலை அளவீடுகளுக்கும் பிற்பகல் அளவீடுகளுக்கும் 30 சதவீத வேறுபாடு வந்தது. கரைசலைச் சந்தேகித்தேன், குவெட்டைச் சந்தேகித்தேன், கருவியைச் சந்தேகித்தேன். வெப்பமானியை மட்டும் பார்க்கவில்லை.

கணக்கைப் பாருங்கள். கிளர்வு ஆற்றல் (வினை நடக்கத் தாண்ட வேண்டிய ஆற்றல் தடை) மோலுக்கு 50 கிலோஜூல் அளவில் உள்ள வினையில், அறை வெப்பநிலையை ஒட்டி ஒரு டிகிரி பிசகினால் வேக மாறிலி ஏறத்தாழ 7 சதவீதம் மாறும். நான்கு டிகிரிக்கு 30 சதவீதம். எனக்கு வந்த வேறுபாடும் அதுதான்.

ஆகவே, குளிர்விப்பான் இல்லாத ஆய்வகத்தில் அறையின் உச்ச வெப்பத்தைவிட மேலே உள்ள வெப்பநிலைகளையே தேர்ந்தெடுங்கள். 308, 313, 318, 323 கெல்வின் என்ற வரிசை, அறை 34 டிகிரியைத் தாண்டாத ஆய்வகத்திற்குப் போதுமானது. உங்கள் அறை இன்னும் சூடானால் வரிசையை 313-இல் தொடங்குங்கள். 50 டிகிரிக்கு மேல் போக வேண்டாம். ஆல்கஹால் ஆவியாகத் தொடங்கும். குடுவைகளை மூடியே வையுங்கள். தனி வெப்பமானி ஒன்றைத் தொட்டியில் நிறுத்தி, ஒவ்வோர் அளவீட்டின் தொடக்கத்திலும் முடிவிலும் அதன் எண்ணைக் குறிப்பேட்டில் எழுதுங்கள். தொட்டியின் முகப்பில் ஒளிரும் எண்ணை நம்பாதீர்கள்.

6. ஓர் அளவீட்டை எடுக்கும் முறை

ஆய்வகத்தில் இதை "ரன்" என்போம். மொத்தக் கனஅளவு 50 மில்லிலிட்டர். ஒரு குடுவையில் 2.5 மில்லிலிட்டர் டைகுரோமேட் மூலக் கரைசல், 25 மில்லிலிட்டர் அமிலம், 17.5 மில்லிலிட்டர் நீர். இன்னொரு சிறு குடுவையில் ஆல்கஹால் கரைசல் 5 மில்லிலிட்டருக்குச் சற்று அதிகமாக. இரண்டும் ஒரே தொட்டியில் 20 நிமிடம் இருக்கட்டும். அதன்பின் 5 மில்லிலிட்டர் ஆல்கஹாலைப் பிப்பெட்டால் எடுத்து முதல் குடுவையில் விடுங்கள். பிப்பெட்டில் பாதி இறங்கியதும் ஸ்டாப்வாட்ச்சை அழுத்தி, முழுவதும் இறங்கியதும் ஒரு சுற்றுச் சுற்றிக் கலக்குங்கள்.

கலந்த பிறகு குரோமியத்தின் செறிவு 0.0005 மோலார், ஆல்கஹாலின் செறிவு 0.1 மோலார்: 200 மடங்கு மிகுதி. இரண்டு குரோமியத்துக்கு மூன்று ஆல்கஹால் என்ற விகிதத்தில், வினை முழுதும் முடிந்தாலும் ஆல்கஹாலில் ஒரு சதவீதம்கூடக் குறையாது. அதனால்தான் ஆல்கஹாலின் செறிவை மாறாததாகக் கொண்டு, இதைப் போலி முதல் வகை வினையாக, அதாவது வேகம் குரோமியத்தின் செறிவை மட்டுமே சார்ந்ததுபோல் நடக்கும் வினையாகக் கருத முடிகிறது.

குறித்த நேரங்களில் 4 மில்லிலிட்டர் எடுத்துக் குவெட்டை அதனாலேயே அலசி நிரப்பி, 350 நானோமீட்டரில் உட்கவர்தலை (கரைசல் விழுங்கும் ஒளியின் அளவை) படியுங்கள். படித்ததும் கழிவுக் குப்பியில் ஊற்றிவிடுங்கள். குவெட்டைக் கருவிக்குள்ளேயே விட்டுத் தொடர்ந்து படிப்பது வசதியாகத் தோன்றும். குவெட் தாங்கியில் வெப்பநிலைக் கட்டுப்பாடு இல்லையென்றால், ஐந்து நிமிடத்தில் உள்ளிருக்கும் கரைசல் அறை வெப்பத்துக்கு வந்துவிடும், நீங்கள் அளப்பது வேறு வெப்பநிலையின் வேகமாகிவிடும். சூடான தொட்டியிலிருந்து வந்த கரைசலில் சிறு காற்றுக்குமிழ்கள் குவெட்டின் சுவரில் ஒட்டும். மெல்லத் தட்டி, வெளிப்புறத்தைத் துடைத்து, ஒளிக்கு எதிரே ஒரு கணம் பிடித்துப் பார்த்துவிட்டே உள்ளே வையுங்கள்.

தொடக்க உட்கவர்தல் 0.6 முதல் 0.8 வரை இருக்கும். வடிகட்டி வைத்த நிறமானி மட்டுமே இருந்தால் 420 அல்லது 440 நானோமீட்டர் வடிகட்டியைப் போட்டு, டைகுரோமேட் மூலக் கரைசலை நான்கு மடங்கு செறிவாக, 100 மில்லிலிட்டருக்கு 0.588 கிராமாகச் செய்துகொள்ளுங்கள். அப்போதும் ஆல்கஹால் 50 மடங்கு மிகுதியாகவே இருக்கும்.

வினை மிக விரைவாகவோ மிக மெதுவாகவோ போனால் அமிலத்தின் அளவை மாற்றுங்கள். அமிலம் கூடினால் வேகம் கூடும். அரை வாழ்காலம் (+6 நிலைக் குரோமியம் பாதியாகக் குறைய ஆகும் நேரம்) 10 முதல் 20 நிமிடம் வரை அமையும்படி ஒரு முன்னோட்ட அளவீட்டில் சரிசெய்துவிட்டு, அதன்பின் அமிலத்தைத் தொடாதீர்கள்.

7. முடிவிலி அளவீடும் கணக்கும்

ஒவ்வொரு நேரத்தின் உட்கவர்தலிலிருந்தும் வினை முடிந்த பின் உள்ள உட்கவர்தலை (முடிவிலி அளவீடு என்பது இதுதான்) கழித்து, அந்த வித்தியாசத்தின் இயற்கை மடக்கையை நேரத்துக்கு எதிரே வரைந்தால் நேர்கோடு வரும். அதன் சாய்வு எதிர்க்குறியுடன் போலி முதல் வகை வேக மாறிலி. முடிவிலி அளவீட்டைப் பூஜ்யம் என்று வைத்துக்கொள்ளாதீர்கள். உருவாகும் பச்சை நிறக் குரோமியம் 440 நானோமீட்டரில் சிறிதளவு உட்கவரும். அதைப் புறக்கணித்தால் கோட்டின் கடைசிப் பகுதி வளையும். அந்த வளைவை வைத்து, இல்லாத ஒரு வினைவழிமுறையை எழுதியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

முடிவிலிக்குப் பத்து அரை வாழ்காலம் காத்திருக்க வேண்டும். வேக மாறிலி நொடிக்கு 0.001 என்றால் அரை வாழ்காலம் 693 நொடி. பத்து மடங்கு என்பது ஏறத்தாழ 2 மணி நேரம். அளவீடு எடுக்க ஒரு மணி, முடிவிலிக்கு இன்னொரு மணி, தயாரிப்புக்கு அரை மணி என்று பார்த்தால் ஒரு நாளில் நான்கு ரன்னுக்கு மேல் நேர்மையாக எடுக்க முடியாது. கருவியைப் பிறருடன் பகிர்வதையும் விடுமுறைகளையும் சேர்த்து 40 ரன்னுக்கு ஐந்து வாரம் ஒதுக்குங்கள்.

8. எவற்றை மாற்றிப் பார்க்க வேண்டும்

ஆல்கஹாலின் செறிவை 0.05, 0.10, 0.15, 0.20, 0.25 மோலார் என மாற்றுங்கள். அதாவது ஆல்கஹால் கரைசல் 2.5, 5, 7.5, 10, 12.5 மில்லிலிட்டர், நீரை அதற்கேற்பக் குறைத்து மொத்தத்தை 50-இல் நிறுத்துங்கள். வேக மாறிலியை ஆல்கஹால் செறிவுக்கு எதிரே வரைந்தால், தொடக்கப்புள்ளி வழியே செல்லும் நேர்கோடு கிடைக்க வேண்டும். ஒவ்வொரு புள்ளியையும் இரு முறையாவது எடுங்கள்.

குரோமியத்தின் செறிவை மாற்றினால் போலி முதல் வகை வேக மாறிலி மாறக் கூடாது என்பது பாடம். ஆனால் செறிவு கூடக் கூட அது சற்றுக் குறைவதைக் கண்டால் பதறாதீர்கள். வினையில் ஈடுபடுவது ஒற்றைக் குரோமியமுள்ள ஹைட்ரஜன் குரோமேட் அயனி; செறிவு கூடும்போது இரண்டு அயனிகள் நீரை இழந்து டைகுரோமேட்டாக இணைந்துவிடுவதால், வினைப்படக்கூடிய பங்கு குறைகிறது. இந்தத் தலைப்பில் எனக்கு மிகவும் பிடித்த முடிவு இதுதான். பிழை என்று கருதி அந்த ரன்களை நான் அடித்துவிட இருந்தேன். வழிகாட்டிப் பேராசிரியர் தடுத்தார். 0.001 மோலாருக்குக் கீழே வேலை செய்தால் இதன் தாக்கம் சிறிதாகவே இருக்கும்.

வேறு ஆல்கஹால்களுடன் ஒப்பிட அனுமதி கிடைத்தால், மெத்தனால் எத்தனாலைவிடத் தெளிவாக மெதுவாக வினைப்படுவதைக் காண்பீர்கள். ஓரிணைய ஆல்கஹால்களுக்கு வரும் மாறிலியில் ஆல்டிஹைடின் பங்கும் உண்டு என்பதை அறிக்கையில் சொல்லிவிடுங்கள். கட்டாயம் எடுக்க வேண்டியது மூவிணைய பியூட்டைல் ஆல்கஹால். அதே நிலையில் ஆரஞ்சு நிறம் மணிக்கணக்கில் மாறாமல் நிற்கும். அதன் உருகுநிலை 25 டிகிரியை ஒட்டியது. குளிர்சாதன அறையில் வைத்த பாட்டில் கட்டியாக உறைந்திருந்தால் வெதுவெதுப்பான நீரில் நிறுத்தி உருக்குங்கள், அடுப்பின் அருகே கொண்டுபோகாதீர்கள். அமிலம் மிகச் செறிவாகவும் வெப்பநிலை உயர்வாகவும் இருந்தால் அது நீரை இழந்து ஆல்க்கீனாகி, அந்த ஆல்க்கீன் ஆக்சிஜனேற்றம் அடையும். மூவிணைய ஆல்கஹால் வினைப்பட்டுவிட்டது என்று அதைக் கொண்டு முடிவு கட்டிவிடாதீர்கள்.

9. பெர்மாங்கனேட்டைத்தான் எடுக்க வேண்டும் என்றால்

இளநிலை வகுப்பில் ஆக்சாலிக் அமிலத்தைப் பெர்மாங்கனேட்டால் தரம் பார்த்தது நினைவிருக்கும். முதல் துளியின் நிறம் போக நேரமாகும். அடுத்தடுத்த துளிகள் விழுந்தவுடனே நிறமிழக்கும். உருவாகும் மாங்கனீஸ் அயனி தானே வினைவேக மாற்றியாகச் செயல்படுவதே அதற்குக் காரணம். அமில ஊடகத்தில் ஆல்கஹாலுடனும் இதே நடக்கலாம்: வரைபடம் மெதுவாகத் தொடங்கி, நடுவில் செங்குத்தாக இறங்கி, பின் தணியும். அந்த வளைவிலிருந்து ஒரே ஒரு வேக மாறிலியை எடுக்க முடியாது. போதாக்குறைக்கு, இடையில் மாங்கனீஸ் டைஆக்சைடு பழுப்பாக உருவாகிக் கரைசலைக் கலங்கலாக்கி, 525 நானோமீட்டர் அளவீட்டைப் பொய்யாக்கும். குவெட்டில் படியும் பழுப்புக் கறையை, அமிலம் கலந்த ஆக்சாலிக் அமிலக் கரைசலால் நீக்கலாம்.

நீரிலுள்ள கரிமப் பொருளே பெர்மாங்கனேட்டைச் சிதைக்கும் என்பதால், கரைசலைக் கொதிக்க வைத்து, ஆறவிட்டுக் கண்ணாடிப் பஞ்சில் வடிகட்டி, பழுப்புப் பாட்டிலில் வைத்து, பயன்படுத்தும் வாரத்தில் தரம் பார்க்க வேண்டும்.

உயிர் காக்கும் எச்சரிக்கை இரண்டு. திண்மப் பெர்மாங்கனேட்டின் மீது அடர் கந்தக அமிலத்தை ஒருபோதும் ஊற்றாதீர்கள். உருவாகும் மாங்கனீஸ் ஹெப்டாக்சைடு வெடிக்கும். திண்மப் பெர்மாங்கனேட்டோ குரோமியம் ட்ரையாக்சைடோ ஆல்கஹாலைத் தொடக் கூடாது. கிளிசரால் ஒரு ஆல்கஹால்தான்: பெர்மாங்கனேட் தூள் குவியலில் அதை விட்டால், சில விநாடிகள் எதுவுமே நடக்காதது போல் இருக்கும், பிறகு ஒரு சிறு புகை எழும், அதன்பின் ஊதா விளிம்புள்ள தீ சீறிக் கிளம்பும். ஒரு செயல்விளக்கத்தில் இதை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். தூள் நுணுக்கமாக இருந்தால் அந்த அமைதி இன்னும் குறையும். நீர்த்த கரைசலில் மணிக்கணக்காக நடக்கும் அதே வகை வினைதான் இது.

10. கழிவு

ஆல்கஹால் மிகுதியாக இருப்பதால், முடிந்த ரன்களின் கழிவில் உள்ள குரோமியம் பெரும்பாலும் +3 நிலைக்கு வந்திருக்கும். ஆனால் மீந்த மூலக் கரைசலிலும், மூவிணைய ஆல்கஹால் ரன்களிலும், அலசிய நீரிலும் +6 நிலைக் குரோமியம் அப்படியே இருக்கும். எல்லாவற்றையும் பெயரும் தேதியும் ஒட்டிய ஒரே பாட்டிலில் சேர்த்து, அமிலத் தன்மையிலேயே சோடியம் பைசல்பைட்டை நன்கு காற்றோட்டமுள்ள புகைக்கூண்டில் சிறிது சிறிதாகச் சேர்த்து, மஞ்சள் நிறம் முற்றிலும் போய்ப் பச்சையாகும் வரை ஒடுக்குங்கள். பிறகு சோடியம் ஹைட்ராக்சைடால் பிஎச் 8-ஐ ஒட்டிக் கொண்டுவந்தால் குரோமியம் ஹைட்ராக்சைடு வீழ்படிவாகும். அதற்கு மேல் காரம் சேர்க்காதீர்கள். மிகுதியான காரத்தில் அது மீண்டும் கரையும். வடிகட்டிய படிவை உலர்த்தி, துறையின் அபாயக் கழிவுப் பெட்டியில் ஒப்படைத்துப் பதிவேட்டில் கையொப்பம் பெறுங்கள்.

நம் 40 ரன்களில் உள்ள குரோமியம் மொத்தம் 52 மில்லிகிராம்தான். கை கழுவும் தொட்டியில் ஊற்றினால் என்ன என்று கேட்ட நண்பர் ஒருவர் இருந்தார். ராணிப்பேட்டையில் மூடப்பட்ட ஒரு குரோமேட் ஆலையின் கழிவுக் குவியலிலிருந்து +6 நிலைக் குரோமியம் நிலத்தடி நீரில் இறங்கி, இன்றுவரை அங்குள்ளவர்களை வாட்டுகிறது. மில்லிகிராம் கணக்கில்தான் என்றாலும், அந்த நீரைக் குடிக்கும் மாவட்டத்துக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு அதை நான் வடிகாலில் விட மாட்டேன்; நீங்களும் விடாதீர்கள். கழிவை ஒப்படைத்த சீட்டின் நகலை ஆய்வறிக்கையின் பின்னிணைப்பில் சேருங்கள். இந்த வேலைக்குக் கடைசி வாரத்தில் இரண்டு முழு நாள் வேண்டும். அறிக்கையைப் பைண்டிங்குக்குக் கொடுக்கும் நாளுக்கு முன்பே அந்த இரண்டு நாளைக் குறித்து வையுங்கள்.